குழந்தைக்குக் குழப்பமில்லை

"வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க மேடம். ரெண்டு லாங்குவேஜ் பேசினா குழந்தை கன்ஃப்யூஸ் ஆயிடும்."

இரண்டரை வயதுப் பிள்ளையைப் பிளே ஸ்கூலில் சேர்க்கப் போகும் தாய், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இதைக் கேட்கலாம். பிள்ளை கொஞ்சம் தாமதமாகப் பேசுகிறது என்றால் இதே அறிவுரை நாலா பக்கத்திலிருந்தும் வரும். பக்கத்து ஃபிளாட்காரர் சொல்வார், அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் வாட்ஸ்அப்பில் சொல்வார், சில நேரம் மருத்துவரே சீட்டு எழுதிக்கொண்டே போகிறபோக்கில் சொல்லிவிடுவார்: ஏதாவது ஒரு மொழியை நிறுத்துங்கள். எதை நிறுத்துவது என்று யாரும் கேட்பதில்லை. நிறுத்தப்படுவது எப்போதும் தமிழ்தான். தமிழ் இல்லாவிட்டால் அந்த வீட்டின் தெலுங்கோ உருதுவோ சௌராஷ்டிரமோ. இரண்டு மொழி குழப்பம் என்று சொல்லி ஆங்கிலத்தை நிறுத்தச் சொன்ன பிளே ஸ்கூல் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த அறிவுரை தவறு. "சிலருக்குப் பொருந்தும், சிலருக்குப் பொருந்தாது" என்று வழவழவென்று முடித்துவிடக்கூடிய விஷயமாக இது எனக்குப் படவில்லை. தமிழ்ப் பற்றை இதில் இழுக்கும் உத்தேசமும் எனக்கு இல்லை. ஆங்கிலம் சோறு போடும் என்று நம்பும் பெற்றோரிடம் போய் மொழிப்பற்றைப் பேசினால் காதில் விழாது. அவர்கள் நம்பிக்கையில் நியாயமும் இருக்கிறது. ஆகவே அவர்கள் கணக்கிலேயே பேசுவோம். பிள்ளை காலாகாலத்தில் பேச வேண்டும், நன்றாகப் பேச வேண்டும், பிறகு ஆங்கிலமும் வர வேண்டும். இந்த மூன்றுக்குமே அந்த அறிவுரை குறுக்கே விழுந்து கிடக்கிறது.

குழப்பம் என்ற இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? 1923-இல் டி. ஜே. சேயர் என்ற ஆய்வாளர் வேல்ஸில் ஏறத்தாழ 1,400 பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனை நடத்தினார். கிராமத்தில் வெல்ஷும் ஆங்கிலமும் பேசிய பிள்ளைகள், ஆங்கிலம் மட்டும் பேசியவர்களைவிடக் குறைவாக மதிப்பெண் வாங்கினார்கள். இரண்டு மொழி மனத்தைக் குழப்புகிறது என்று அவர் முடிவு கட்டினார். நகரத்துப் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் தென்படவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருந்தது, அது எடுபடவில்லை. மூன்று ஆண்டு கழித்து அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் குடினஃப் ஒரு படி மேலே போனார். குடியேறிகள் வீட்டில் சொந்த மொழி பேசுவதே அவர்கள் பிள்ளைகளின் மந்தத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்றார். அமெரிக்கா குடியேற்றத்தை இறுக்கிச் சட்டம் போட்டு அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் காலத்து அமெரிக்கா கேட்க விரும்பிய பதில் அது.

அந்தக் காலத்துச் சோதனைகள் பலவற்றில் ஏழைப் பிள்ளையை வசதியான பிள்ளையோடு ஒப்பிட்டார்கள். அதுவும் சில நேரம் ஏழைப் பிள்ளைக்குப் பழகாத மொழியில். மாண்ட்ரியாலில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் 1962-இல் இந்த ஓட்டையை அடைத்தார்கள். குடும்ப வசதியில் நிகரான பத்து வயதுப் பிள்ளைகளை எடுத்து ஒப்பிட்டபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் பின்தங்கவில்லை. பல சோதனைகளில் முந்தியே நின்றார்கள். அதற்குப் பிறகு எதிர்ப்பக்க விளம்பரம் ஒன்று கிளம்பியது: இரண்டு மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகும் என்று. அதையும் நான் வாங்கத் தயாராக இல்லை. அந்தக் கூர்மையைத் தேடிய பல ஆய்வுகள் வெறுங்கையோடு திரும்பியிருக்கின்றன. இரண்டு மொழி பிள்ளையை மேதை ஆக்காது, மந்தமாகவும் ஆக்காது. அறுபது ஆண்டுக்கு முன்பே சரிந்துவிட்ட கருத்து நம் ஊர் பிளே ஸ்கூலில் மட்டும் இன்னும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆய்வை விடுங்கள், நம் ஊரைப் பாருங்கள். மதுரையில் சௌராஷ்டிரர் வீட்டுப் பிள்ளை வீட்டுக்குள் ஒரு மொழியும் வாசலைத் தாண்டினால் தமிழும் கேட்டு வளர்கிறது. நாயக்கர் காலந்தொட்டு அப்படித்தான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது, ராஜபாளையத்திலும் கரிசல் பக்கத்து ஊர்களிலும் தெலுங்கு, தாளவாடியில் கன்னடம், சௌகார்பேட்டையில் மார்வாடியும் குஜராத்தியும். இரண்டு மொழி பேச்சைத் தாமதப்படுத்தும் என்றால் இந்த ஊர்களெல்லாம் திக்கித் திணறிக்கொண்டிருக்க வேண்டும். தமிழ் உச்சரிப்புக்கு இன்றைக்கும் நாம் கைகாட்டும் டி. எம். சௌந்தரராஜன் பிறந்தது மதுரையில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில். கரிசல் தமிழை இலக்கியமாக்கிய இடைசெவல் கி. ராஜநாராயணனின் வீட்டு மொழி தெலுங்கு. இவர்களைப் பெற்றவர்களிடம் வந்து, பிள்ளை குழம்பிவிடும், ஒரு மொழியை நிறுத்துங்கள் என்று சொல்ல நல்லவேளையாக அன்றைக்கு யாரும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இரண்டு மொழியாவது பேசுகிறார். அவர்களில் எத்தனை பேர் குழம்பிப் போயிருக்கிறார்கள்?

பிறந்த பிள்ளைக்கே இரண்டு மொழியைப் பிரித்தறியத் தெரிகிறது. கனடாவின் வான்கூவரில், கருவிலிருந்தபோது தாய் ஆங்கிலமும் தகாலோகும் பேசக் கேட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டின் ஓசையும் வேறு என்பது அந்தக் குழந்தைகளுக்குப் பிடிபட்டிருந்தது. அப்படியிருக்க, தாமதம் என்ற தோற்றம் எப்படி வருகிறது? எண்ணும் முறையில் வருகிறது. பால், தண்ணி, வா, தா, பூ என்று ஐந்து சொல்லும், பஸ், டாக், ஷூ என்று மூன்று சொல்லும் தெரிந்த பிள்ளைக்கு எட்டுச் சொல் தெரியும். ஆங்கிலத்தை மட்டும் எண்ணும் ஆசிரியையின் நோட்டில் அது மூன்று. மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளரும் சிறு பிள்ளைகளின் சொற்களை பார்பரா பியர்சன் குழு கணக்கெடுத்து 1993-இல் வெளியிட்டபோது இதைத்தான் கண்டது. இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிப் பிள்ளைகளுக்கு அவர்கள் இளைத்தவர்கள் இல்லை. ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே பார்த்தால் சொல் சற்றுக் குறையலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. கேட்கும் நேரம் இரண்டாகப் பங்கு போவதால் வருவது அது, நோய் இல்லை.

"அம்மா, ஷூ போட்டு விடு" என்று பிள்ளை கலந்து பேசுவதைக் குழப்பத்துக்குச் சாட்சியாகக் காட்டுபவர்கள் உண்டு. நாம் எல்லோருமே அப்படித்தான் பேசுகிறோம். பிள்ளை நம்மைச் சரியாகவே படித்திருக்கிறது.

இனி, அறிவுரையை ஏற்று ஆங்கிலத்துக்கு மாறிவிட்ட வீட்டுக்குப் போவோம். ஒரு சாயங்காலம் காது கொடுத்துக் கேளுங்கள். "கம் பேபி. சிட். ஈட். நோ, டோன்ட் டச். வாட் கலர் இஸ் திஸ்? ரெட்! வெரி குட். சே தேங்க்யூ." நாள் முழுக்க இவ்வளவுதான். ஏவல் கொஞ்சம், வினாடி வினா கொஞ்சம். அதே தாய் சமையலறையில் தண்ணீர் கொட்டிவிட்டால் தன்னை மறந்து தமிழுக்கு வருவார்: "அய்யய்யோ, தண்ணி கொட்டிருச்சே! யாரு கொட்டுனா? காக்கா வந்து கொட்டிட்டுப் போயிருச்சா? இல்ல, எங்க பட்டுக்குட்டி கொட்டுனுச்சா? அப்பா வரட்டும், சொல்றேன்." இந்தப் பத்து விநாடியில் நடந்த கதை இருக்கிறது, சந்தேகம் இருக்கிறது, கற்பனை இருக்கிறது, பொய்க்கோபம் இருக்கிறது, வரப்போகிறவர் ஒருவர் இருக்கிறார். கொட்டு என்ற ஒரே வினை நான்கு உருவத்தில் வந்துபோயிருக்கிறது. யார் செய்தது, எப்போது செய்தது என்பதையெல்லாம் தமிழ் வினை தன் வாலிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. தமிழ்க் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து 1989-இல் பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் எழுதிய கட்டுரையில், இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளே இந்த வினை விகுதிகளை அதிகம் பிழையில்லாமல் கையாளுகிறார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். யாரும் இலக்கணம் சொல்லித் தந்து வந்ததல்ல அது. காக்காவும் பட்டுக்குட்டியும் அப்பாவும் வந்துபோகும் இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வந்தது.

"கம், சிட், ஈட்" கேட்டு வளரும் பிள்ளைக்கு இதில் எது கிடைக்கிறது? தாய்க்கு ஆங்கிலத்தில் வேலை பார்க்கத் தெரியும், மின்னஞ்சல் எழுதத் தெரியும். கொஞ்சத் தெரியாது, கோபித்துக்கொள்வதுபோல் நடிக்கத் தெரியாது, சின்ன வயதில் ஆட்டுக்குட்டி வளர்த்த கதை சொல்லத் தெரியாது. அது அவர் குறை இல்லை. அந்த மொழியில் அவரை யாரும் கொஞ்சியதில்லை. ஃபுளோரிடாவில் சில்வியா பிளேஸும் எரிகா ஹாஃபும் 25 மாதப் பிள்ளைகளை வைத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. பிள்ளை எவ்வளவு நேரம் ஆங்கிலம் கேட்டது என்பதோடு, அதில் எத்தனை பங்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பேசியது என்பதும் பிள்ளையின் ஆங்கிலச் சொல்வளத்தோடு சேர்ந்தே போனது. தட்டுத்தடுமாறிப் பேசப்படும் ஆங்கிலத்தால் பிள்ளையின் ஆங்கிலத்துக்கே பெரிய லாபம் இல்லை. தமிழும் போய், ஆங்கிலமும் அரைகுறை.

ஆங்கிலமே இயல்பாக வரும் பெற்றோர் உண்டு. வெவ்வேறு மாநிலத்தார் மணந்துகொண்டு ஆங்கிலத்தில் சண்டை போட்டு ஆங்கிலத்தில் சமாதானமாகும் வீடுகள் சென்னையிலும் பெங்களூரிலும் நிறைய. அவர்கள் ஆங்கிலத்தில் பேசட்டும். அதுதான் அவர்கள் வீட்டு மொழி. எந்த மொழியில் உங்களுக்குத் தாராளமாக வாய் வருகிறதோ அதில் பேசுங்கள் என்பதே நான் சொல்வது. அது தமிழாக இருந்தால் தமிழ்.

அறிவுரையின் அடுத்த அடி பாட்டியின் மேல் விழுகிறது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீட்டில் பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். "நீங்க தமிழ்ல பேசிப் பழக்கிடாதீங்க அத்தை" என்று சொல்லிவிட்டு மருமகள் அலுவலகம் போகிறாள். அந்த அம்மாவும் "வாட்டர் குடி, மில்க் குடி" என்று கொஞ்ச நாள் முயன்று பார்த்து, பிறகு வாயை மூடிக்கொள்கிறார். வீட்டிலேயே அதிகம் பேசக்கூடிய, பேசுவதற்கு நேரமும் உள்ள ஒரே ஆளை ஊமையாக்கிவிட்டு, பிள்ளை ஏன் பேசவில்லை என்று கவலைப்படுகிறோம். அமெரிக்காவில் லிலி வாங் ஃபில்மோர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுபான்மை மொழிக் குடும்பங்களிடம் திரட்டிய தகவலை 1991-இல் எழுதினார். மழலையர் பள்ளியிலேயே ஆங்கிலத்துக்குப் போன பிள்ளைகளில் பலர் வீட்டு மொழியை இழந்தார்கள். வளர வளரப் பெற்றோரோடு மனம்விட்டுப் பேச அவர்களிடம் பொது மொழியே இல்லாமல் போனது. அவை பெரும்பாலும் குடியேறிகளின் குடும்பங்கள். நாம் சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த இழப்பை விலை கொடுத்து வாங்குகிறோம்.

பாட்டி ஓய்ந்த இடத்தில் செல்போன் வந்து உட்காரும். ஆங்கிலப் பாட்டு, ஆங்கிலப் பேச்சு, உச்சரிப்பும் சுத்தம், பெற்றோருக்கு நிம்மதி. ஆனால் 2003-இல் சியாட்டிலில் பட்ரிசியா கூல் செய்த சோதனையைப் பாருங்கள். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் காட்டிப் பேசினார்கள். மொத்தம் 12 அமர்வு. அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகள் பிடிபட்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் என்று பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. வர்ஜீனியாவில் ஜூடி டிலோக் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. சொல் கற்பிக்கும் காணொளியை ஒரு மாதம் பார்த்த 12 முதல் 18 மாதப் பிள்ளைகள், பார்க்காத பிள்ளைகளைவிட அதிகமாக ஒன்றும் கற்றிருக்கவில்லை. காணொளி பிடித்துப்போன பெற்றோர்தான் பிள்ளை நிறையக் கற்றுக்கொண்டதாக நம்பினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதல், ஒரு வயதுக் குழந்தைக்கும் திரை வேண்டாம் என்றே சொல்கிறது.

"சின்ன வயசுலதான் சார் கப்புன்னு புடிச்சுக்கும்" என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. முதல் ஆண்டின் பிற்பகுதியில் குழந்தையின் காது தான் கேட்கும் மொழியின் ஒலிகளுக்குக் கூர்மையாகி, கேட்காத ஒலிகளை விடத் தொடங்குகிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். ஆனால் நம் வாயில் வரும் ஆங்கிலத்தில் இருப்பதும் நம் ஒலிகள்தாமே! அந்த ஜன்னல் வழியே நாம் உள்ளே அனுப்புவது தமிழ் ஒலிகளைத்தான். சொல்லும் இலக்கணமும் கற்கும் வேகம் வேறு கதை. நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலக் குடும்பங்கள் டச்சு கற்பதை கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹூஃப்னாகல்-ஹூலும் பின்தொடர்ந்து 1978-இல் எழுதினார்கள். வேகமாகக் கற்றவர்கள் 12 முதல் 15 வயதினர். கடைசியில் நின்றவர்கள் 3 முதல் 5 வயதினர். மூன்று வயதில் ஆங்கிலம் தொடங்காவிட்டால் ரயிலைத் தவறவிட்டோம் என்ற பதற்றத்துக்கு ஆதாரம் இல்லை. ஆங்கிலம் வேண்டும், பள்ளியில் நன்றாகக் கற்பிக்கப்பட வேண்டும், வீட்டில் சரளமாகப் பேசுகிறவர் ஒருவர் இருந்தால் அவர் ஆங்கிலத்தில் பேசுவதும் நல்லதே. அதற்கு இடம் விடத் தமிழ் எழுந்து போக வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பேச்சு வருகிற பிள்ளைக்கு ஏற்படும் நஷ்டம். அதை எப்படியாவது ஈடுகட்டிவிடலாம். ஈடுகட்ட முடியாத நஷ்டம் வேறு இருக்கிறது: உண்மையிலேயே பேச்சு வராத பிள்ளை.

இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளையோடு வரும் பெற்றோரிடம் "ரெண்டு மொழி பேசுறீங்க, அதான்" என்று சொல்வது, காரணம் கிடைத்துவிட்டது என்று அவர்களைத் திருப்தியாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறி ஆறு மாதம் காத்திருக்கிறார்கள். பிறகு இன்னும் ஆறு மாதம். "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்" என்று வீட்டுப் பெரியவர்களும் ஆறுதல் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பது இந்த ஓராண்டில் யார் கண்ணிலும் படுவதில்லை. பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கு ஒருவர் இருவராவது பிறக்கிறார்கள். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்வது இந்த ஆபத்தைக் கூட்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேல் அத்தகைய திருமணங்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ என்பது மருத்துவ உலகம் வகுத்த கெடு. அந்தக் கெடுவின் பக்கத்தில் மொழியை மாற்றிப் பார்ப்போம் என்று செலவிடும் ஓராண்டை வைத்துப் பாருங்கள்.

காது சரியாக இருந்தால் அடுத்து ஆட்டிசம் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். அங்கும் இதே பல்லவிதான்: "இவனுக்கு ஒரு மொழியே பாடு, ரெண்டு எதுக்கு?" மாண்ட்ரியாலில் கேத்தரின் ஹாம்ப்ளியும் எரிக் ஃபாம்பானும் 75 ஆட்டிசப் பிள்ளைகளை ஆராய்ந்து 2012-இல் எழுதினார்கள், இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கூடுதல் தாமதம் எதுவும் இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடமும் 2005-இல் கனடாவில் இதே முடிவுதான் கிடைத்தது. ஏற்கெனவே உறவாடச் சிரமப்படும் பிள்ளையிடமிருந்து, வீட்டார் எல்லோரும் உறவாடும் மொழியையும் பிடுங்கிக்கொள்வது வைத்தியமா? அதைச் சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை வேறு. 12 மாதத்தில் மழலை ஒலியும் விரல் நீட்டிக் காட்டுவதும் இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" போல இரண்டு சொல் சேரவில்லை, வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். சொல்லை எந்த மொழியில் சொன்னாலும் கணக்கில் சேருங்கள். தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவி வைத்துச் செய்யும் ஓஏஇ பரிசோதனைக்குச் சில நிமிடம் போதும். சந்தேகம் வந்தால் செவி நரம்பைச் சோதிக்கும் பெரா பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னையை ஒட்டி முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. அதற்குப் பிள்ளை ஆறு வயதுக்குள் வர வேண்டும்.

பிளே ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கும், போகிறபோக்கில் அறிவுரை சொல்லும் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேசாத பிள்ளையோடு உங்கள் முன்னால் ஒரு தாய் உட்கார்ந்தால், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், குழந்தைக்குக் காது பரிசோதனை ஆயிற்றா என்று கேளுங்கள்.